வாஷிங் மெஷினில் தண்ணீர் மெதுவாக ஏறினால்: மாடித் தொட்டி முதல் வால்வு வரை ஒரு சோதனை முறை

சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நிறுத்தி, வேண்டும்போது குளியலறைக் குழாயருகே உருட்டிச் சென்று, ஹோஸைப் பொருத்தித் துவைத்துவிட்டு மறுபடியும் ஓரமாகத் தள்ளி வைக்கும் சிறிய டாப் லோடு வாஷிங் மெஷின்கள் தமிழ்நாட்டின் வாடகை வீடுகளிலும் இடம் குறைந்த அடுக்ககங்களிலும் பரவலாக இருக்கின்றன. இவற்றில் அடிக்கடி எழும் புகார், தண்ணீர் நிரம்ப வெகுநேரம் ஆகிறது என்பது. இதற்காக மெக்கானிக்கை அழைத்தால் பல நேரங்களில் முதலில் மாற்றப்படுவது நீரை உள்ளே விடும் இன்லெட் வால்வுதான். ஆனால் குறை மெஷினில் இல்லாதபோது புது வால்வு போட்டாலும் தண்ணீர் அதே வேகத்தில்தான் ஏறும். மாடித் தொட்டியிலிருந்து டிரம் வரையுள்ள பாதையில் எந்த இடத்தில் வேகம் குறைகிறது என்று அளந்து பார்த்த பிறகே எதையும் கழற்ற வேண்டும். அந்த அளவை எடுக்க ஒரு வாளியும் கைப்பேசியில் உள்ள ஸ்டாப்வாட்சும் போதும்.

எது மெதுவான வேகம் என்பதையும் எண்ணால் அறிந்துகொள்வது நல்லது. ஆறு, ஆறரைக் கிலோ டாப் லோடு மெஷினில் அதிக நீர்மட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரு தடவை நிரம்ப ஏறக்குறைய 40 முதல் 60 லிட்டர் தேவைப்படும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வந்தால் அது நான்கிலிருந்து ஆறு நிமிட வேலை. நிமிடத்துக்கு 3 லிட்டர்தான் வருகிறது என்றால் 13 முதல் 20 நிமிடம் ஆகிவிடும். துவைப்பதற்கு ஒரு முறை, அலசுவதற்கு இரண்டு முறை என்று மூன்று தடவை நிரம்ப வேண்டியிருப்பதால், தண்ணீருக்காகக் காத்திருப்பதிலேயே முக்கால் மணி நேரம் போய்விடும். குறிப்பிட்ட நேரத்துக்குள் நீர்மட்டம் ஏறாவிட்டால் மெஷின் வேலையை நிறுத்திவிட்டுப் பிழைக் குறியீட்டைக் காட்டும். எல்ஜி மெஷின்களில் ஐ, ஈ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும், சாம்சங் மெஷின்களில் 4 என்ற எண்ணுடன் சி அல்லது ஈ என்ற எழுத்தும் தோன்றினால், உள்ளே வரும் நீர் போதவில்லை என்று பொருள். அந்தக் குறியீடு வால்வு கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. எதிர்பார்த்த நேரத்துக்குள் நீர் வந்து சேரவில்லை என்பது மட்டுமே மெஷினுக்குத் தெரியும்.

மூன்று இடங்களில் அளக்க வேண்டும்

வேலையைத் தொடங்கும் முன் மெஷினை நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று பிளக்கைத் தொடக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் குளியலறைத் தரையில் கிடத்தி அதிலிருந்து மெஷினை ஓட்டும் பழக்கம் இருந்தால், இந்தப் பழுதைப் பார்ப்பதற்கு முன்பே அதைக் கைவிட வேண்டும்.

முதல் அளவு குழாயில் எடுப்பது. ஒரு லிட்டர் பாட்டிலால் பத்து முறை ஊற்றி, வாளியின் உட்புறத்தில் 10 லிட்டர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். வீட்டின் மற்ற குழாய்கள் அனைத்தும் மூடியிருக்க, மெஷினுக்கான குழாயை முழுவதும் திறந்து, கோடு வரை நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். 60 வினாடி என்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர். 120 வினாடி என்றால் 5 லிட்டர். அந்த நேரத்தில் மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பதையும் கூடவே குறித்துக்கொள்ள வேண்டும். ஏன் என்பது பின்னால் புரியும்.

இரண்டாவது அளவு ஹோஸின் முனையில். மெஷினின் பின்புறத்தில் மாட்டியிருக்கும் முனையைத் திருகிக் கழற்றி, அதை வாளிக்குள் தொங்கவிடாமல், மெஷினில் அது இணையும் அதே உயரத்தில் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். வாளியை ஒரு முக்காலியின் மேல் வைத்துக்கொண்டால் இது எளிது. டாப் லோடு மெஷினின் நீர் நுழைவாய் பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஹோஸைத் தரையில் விட்டு அளந்தால், அழுத்தம் குறைந்த வீடுகளில், உண்மையில் மெஷினுக்குக் கிடைக்காத வேகம் கிடைப்பதுபோல் தோன்றி, குற்றம் முழுவதும் மெஷின் மேல் விழுந்துவிடும். மிகப் பலர் தவறவிடும் இடம் இது.

மூன்றாவது அளவு மெஷினுக்குள் எடுப்பது. ஹோஸை மாட்டி, பிளக்கை மறுபடி செருகி, துணியில்லாமல் இயக்கி, நீர் விழத் தொடங்கியதிலிருந்து சரியாக மூன்று நிமிடம் கழித்து நிறுத்தி, டிரம்மின் ஓட்டைகளில் எத்தனையாவது வரிசை வரை நீர் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தத் தண்ணீரைக் குளியலறை கழுவ வாளிகளில் பிடித்துக்கொண்டு வடித்துவிட்டு, காலி மெஷினில் அளந்த தண்ணீரை அதே வரிசை வரை ஊற்றினால் மூன்று நிமிடத்தில் எத்தனை லிட்டர் ஏறியது என்பது தெரிந்துவிடும். கீழே உள்ள வெளித்தொட்டி நிரம்பிய பிறகே நீர் கண்ணுக்குத் தெரியும் என்பதால், முதல் சில லிட்டர்கள் எங்கே போயின என்று குழம்ப வேண்டியதில்லை.

குழாயிலேயே வேகம் இல்லையென்றால் மெஷினைத் தொட வேண்டிய தேவையே இல்லை. குழாயில் நன்றாக வந்து ஹோஸ் முனையில் குறைந்தால் ஹோஸையும் அதன் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். இரண்டிலும் நன்றாக வந்து டிரம்மில் மட்டும் குறைந்தால்தான் மெஷினின் நுழைவாய் வலை, வால்வு, வடிகால் ஆகியவற்றுக்கு வர வேண்டும்.

மேல்மாடி வீடும் தொட்டியின் உயரமும்

மோட்டார் போட்டுத் தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து தானாக இறங்கவிடும் வீடுகளில் குழாயின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: தொட்டியில் உள்ள நீரின் மேல்மட்டம் குழாயிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பது. ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 0.01 மெகாபாஸ்கல், அதாவது 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டி ஆயிரம் லிட்டரா, ஐயாயிரம் லிட்டரா என்பது இதில் கணக்கே இல்லை. பெரிய தொட்டி வாங்கினால் அழுத்தம் கூடும் என்று நம்பிச் செலவழிப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பல டாப் லோடு மெஷின்களின் கையேட்டில் தேவையான நீர் அழுத்தம் 0.03 முதல் 0.8 மெகாபாஸ்கல் என்று அச்சிட்டிருப்பார்கள். 0.03 என்பது மூன்று மீட்டர் உயரம். இப்போது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து கூரை வரை மூன்று மீட்டர். மெஷினின் நுழைவாய் தரையிலிருந்து ஒரு மீட்டர். ஆகக் கூரைக்குக் கீழே கிடைப்பது இரண்டு மீட்டர். தொட்டி வைத்த மேடை முக்கால் மீட்டர். தொட்டிக்குள் தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால் மொத்தம் மூன்றே முக்கால் மீட்டர். தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டால் மூன்று மீட்டருக்கும் கீழே. மெஷின் கேட்கும் குறைந்தபட்ச அழுத்தத்தின் விளிம்பிலேயே இந்த வீடு வாழ்கிறது. காலையில் மோட்டார் போட்டதும் ஒழுங்காக ஏறும் மெஷின் மாலையில் மந்தமாகிவிடுவதற்கும், கீழ்வீட்டில் அதே வகை மெஷின் எந்தக் குறையுமின்றி ஓடுவதற்கும் காரணம் இதுதான். ஒரு தளம் கீழே இறங்கினாலே மூன்று மீட்டர் கூடுதலாகக் கிடைத்து அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது.

குழாயில் ஓரளவு நன்றாக வரும் தண்ணீர் மெஷினுக்குள் மட்டும் ஏன் தயங்குகிறது என்ற கேள்விக்கு விடை வால்வின் அமைப்பில் இருக்கிறது. இன்லெட் வால்வுக்குள் ஒரு ரப்பர் சவ்வு உண்டு. மின்சாரம் பாய்ந்ததும் மின்காந்தச் சுருள் அந்தச் சவ்வையே தூக்குவதில்லை. சவ்வின் நடுவில் ஊசித்துளை அளவில் இருக்கும் வழியை அடைத்திருக்கும் சிறு இரும்புத் தண்டை மட்டுமே இழுக்கிறது. அந்தத் துளை திறந்ததும் சவ்வின் மேற்புறத்தில் நிற்கும் நீர் வெளியேற, கீழ்ப்புறத்தில் காத்திருக்கும் குழாய் நீரின் அழுத்தம் சவ்வைத் தூக்கிப் பெருவழியைத் திறக்கிறது. ஆகவே வால்வைத் திறக்கும் ஆற்றலில் பெரும்பகுதி குழாய் நீரிலிருந்துதான் வர வேண்டும். அந்த அழுத்தம் இல்லாதபோது சவ்வு பாதியளவே எழும். வால்வு நல்ல நிலையில் இருந்தும் நீர் கசிவதுபோல் வரும். இதற்கென்றே மிகக் குறைந்த அழுத்தத்திலும் திறக்கும் வால்வுடன் சில மெஷின்கள் விற்கப்படுகின்றன. மேல்மாடியில் குடியிருப்பவர்கள் மெஷின் வாங்கும்போது விலைக்கும் கிலோவுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது கையேட்டில் உள்ள இந்தக் குறைந்தபட்ச அழுத்த எண் என்பது என் உறுதியான கருத்து.

உயரம் போதுமானதாக இருந்தும் குழாயில் வேகம் இல்லையென்றால் மொட்டை மாடிக்குச் சென்று தொட்டியடியில் உள்ள வால்வைப் பார்க்க வேண்டும். பழைய கேட் வால்வுகளில் உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று பாதி வழியிலேயே நின்றுவிடுவதுண்டு. கைப்பிடி முழுவதும் திறந்ததுபோல் சுற்றும், நீர்வழி மட்டும் திறந்திருக்காது. அந்த இடத்தில் முழுத் துளையுள்ள பால் வால்வை (துளையிட்ட உருண்டை சுழன்று வழியைத் திறக்கும் வகை) போடுவது நல்லது. தொட்டி கழுவிய பிறகோ, தண்ணீர் முற்றிலும் தீர்ந்து மறுபடி ஏற்றிய பிறகோ வேகம் குறைந்திருந்தால் குழாய்க்குள் காற்று அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். குழாயைத் திறந்ததும் துப்பித் துப்பி வருவது இதன் அடையாளம். தொட்டியை நிரப்பி, வீட்டின் எல்லாக் குழாய்களையும், குறிப்பாக மிகத் தாழ்வாக இருப்பதை, முழுவதும் திறந்து சில நிமிடம் ஓடவிட்டால் பெரும்பாலும் காற்று வெளியேறிவிடும். அதற்கும் அசையாவிட்டால், நன்றாகத் தண்ணீர் வரும் ஒரு குழாயையும் அடைத்திருக்கும் குழாயையும் ஒரு ஹோஸால் இணைத்து இரண்டையும் திறந்துவிட்டால், நல்ல குழாயின் நீர் எதிர்த்திசையில் ஏறிக் காற்றை மேலே தள்ளும். தொட்டியடி வால்வுக்கு அடுத்தபடியாக, தொட்டியின் உயரத்தையும் தாண்டி நிமிர்ந்து நிற்கும் காற்றுக் குழாய் இருக்கிறதா, அதன் வாயில் குளவிக் கூடோ குப்பையோ அடைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். அடிக்கடி காற்று அடைக்கும் வீடுகளில் இந்தக் குழாய் இல்லாமலிருப்பதே காரணமாக இருக்கலாம்.

துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாய் (ஜிஐ) பதித்த வீடுகளில் உட்புறம் துருவேறி வழி ஆண்டுக்காண்டு சுருங்கியிருக்கும். அங்கே எந்தச் சுத்தமும் பலன் தராது. மெஷினுக்கென்று தொட்டியிலிருந்து தனியாக முக்கால் அங்குலக் குழாய் இறக்குவதே நிலையான வழி.

ஹோஸும் இணைப்புகளும்

உருட்டிச் சென்று பயன்படுத்தும் மெஷின்களுக்கே உரிய குறைகள் இங்கேதான் மிகுதி. மெஷினைச் சுவரோடு தள்ளும்போது ஹோஸ் மடிந்துகொள்கிறது. நெடுநாள் மடிந்தே கிடந்த ஹோஸ் நிமிர்த்திய பிறகும் அந்த இடத்தில் தட்டையாகவே இருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தால் அது தெரியும். அப்படிப்பட்ட ஹோஸை மாற்றிவிட வேண்டும்.

குழாயில் மரை இல்லாத இடங்களில் நான்கு திருகாணிகள் கொண்ட அடாப்டரைப் பிடிக்கவைத்து அதில் ஹோஸைச் சொருகுவது வழக்கம். அதன் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம், திருகாணிகளை மிகையாக இறுக்கும்போது பிதுங்கி வந்து நீர்வழியின் பாதியை மூடிவிடும். அடாப்டரைக் கழற்றி, அதன் துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். கசிவை நிறுத்துவதற்காக ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வாஷர்களைப் போட்டிருப்பதும் இதே கெடுதலைச் செய்யும். சமையலறை சிங்க் குழாயில் இணைப்பவர்கள் குழாயின் முனையில் திருகியிருக்கும் சல்லடை மூடியைக் கழற்றிவிட்டே அடாப்டரைப் பொருத்த வேண்டும். நீரைச் சிக்கனமாகச் சிதறவிடும் அந்த மூடியே வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்காக அமைந்தது.

நீளத்துக்கும் விலை உண்டு. அரை அங்குல உட்துளை கொண்ட ஹோஸில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடும்போது, ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீருயரத்துக்குச் சமமான அழுத்தம் உராய்வில் மட்டும் கரைகிறது. ஐந்து மீட்டர் ஹோஸ் என்றால் ஒரு மீட்டர் உயரம் போயிற்று. மொத்தமே மூன்றரை மீட்டர் உயரம் உள்ள மேல்மாடியில் இது பெரிய இழப்பு. அதே நீளத்துக்கு முக்கால் அங்குல ஹோஸ் போட்டால் மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் அளவே போகும். மெஷினைக் குழாயருகே வைக்க முடியாதவர்கள், குழாயிலிருந்து மெஷின் வரை முக்கால் அங்குலக் குழாயோ ஹோஸோ இட்டு, கடைசி ஒரு மீட்டருக்கு மட்டும் மெஷினுடன் வந்த ஹோஸைப் பயன்படுத்தினால் நல்ல மாற்றம் தெரியும்.

உப்புத் தண்ணீருக்காகக் குழாய்க்கும் மெஷினுக்கும் இடையில் வடிகட்டி மாட்டியிருந்தால், அதைக் கழற்றிவிட்டு ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும். உள்ளே அழுக்கு சேரச் சேர வேகம் குறைவது வடிகட்டியின் இயல்பு என்பதால், அது மாட்டிய வீடுகளில் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழ வேண்டும்.

நுழைவாயில் உள்ள வலை

ஹோஸ் முனையில் நல்ல வேகமும் டிரம்மில் குறைந்த வேகமும் இருந்தால், பெரும்பாலும் குறை இந்த வலையில்தான் இருக்கும். ஹோஸைக் கழற்றியதும் மெஷினின் நுழைவாய்க்குள் விரல்நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் வலை தெரியும். மணல், துரு, தொட்டியின் பாசி, டெஃப்லான் டேப்பின் துணுக்குகள் எல்லாம் வந்து தங்குவது இங்கேதான். ஆழ்துளைக் கிணற்று நீர் பயன்படுத்தும் வீடுகளில் இவற்றோடு வெள்ளை உப்பும் படிந்து வலையின் கண்களை ஒவ்வொன்றாக அடைத்துவிடுகிறது.

குழாயை மூடி, பிளக்கைக் கழற்றி, கீழே ஒரு துணியை விரித்துக்கொண்டு ஹோஸைத் திருகி எடுக்க வேண்டும். வலையின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பிடியை மூக்குக் குறட்டால் மெல்லப் பற்றி நேராக இழுத்தால் வலை வெளியே வரும். வராவிட்டால் பலத்தைக் காட்டக் கூடாது; பிடி ஒடிந்துவிட்டால் வலையை எடுப்பது மிகக் கடினம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் அதன் மேல் வைத்திருந்துவிட்டு மறுபடி முயலலாம். எடுத்த வலையைப் பழைய பல்துலக்கியால், உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக நீர் பாயும்படி பிடித்துக்கொண்டு தேய்க்க வேண்டும். உப்புப் படிவம் தேய்த்துப் போகாது. ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து, அதில் வலையை அரைமணி நேரம் ஊறவைத்தால் படிவம் இளகிவிடும். வினிகரும் இதே வேலையைச் செய்யும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை வலைக்கோ நுழைவாய்க்கோ ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அதன் துளிகள் வால்வுக்குள் போய் ரப்பரையும் உலோகத்தையும் கெடுத்துவிடும்.

வலை மெஷினுக்குள் இருக்கும்போதே ஊசியால் குத்திச் சுத்தம் செய்வது தவறு. கண்கள் கிழிந்து மணல் வால்வுக்குள் போகும். சவ்வுக்கு அடியில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் மெஷின் அணைந்திருக்கும்போதே தண்ணீர் சொட்டுச் சொட்டாக டிரம்மில் சேரத் தொடங்கிவிடும். வலையே தொல்லை என்று அதை எடுத்து எறிந்துவிட்டு மெஷினை ஓட்டினாலும் இதே கதிதான். சில மெஷின்களில் ஹோஸின் குழாய்ப் பக்க முனையிலும் ஒரு வலை இருக்கும். அதையும் விட்டுவிடக் கூடாது. வலைக்குப் பின்னால் துளையுள்ள தடித்த ரப்பர் வட்டு ஒன்று தெரியலாம். அழுத்தம் மிகும்போது தன் துளையைச் சுருக்கி நீரை மட்டுப்படுத்துவது அதன் வேலை. அழுத்தம் குறைவாக இருக்கும்போது அது விரிந்தே இருப்பதால், அதைப் பிடுங்கி எறிந்தால் வேகம் பெருகும் என்ற யோசனையை நான் ஏற்பதில்லை.

சோப்புப் பெட்டியையும் வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். நீர் விரைவாக விழாத மெஷினில் சோப்புத்தூள் முழுவதும் கரையாமல் பெட்டியிலும் அதன் மேற்கூரையில் உள்ள சிறு துளைகளிலும் கெட்டிப்பட்டு, வேகத்தை மேலும் குறைக்கும். இப்படிப்பட்ட வீடுகளில் தூளுக்குப் பதிலாகத் திரவ சோப்பு பயன்படுத்துவது உதவும்.

வால்வும் வடிகாலும்

வலை சுத்தம், ஹோஸ் சுத்தம், அழுத்தமும் போதுமானது, அப்படியும் மெதுவாகவே ஏறுகிறது என்றால் வால்வைச் சந்தேகிக்கலாம். அப்போதும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மின்காந்தச் சுருள் எரிந்துபோனால் தண்ணீர் மெதுவாக வராது, வரவே வராது. ஆகவே மெதுவாக வரும் வால்வில் கெட்டிருப்பது பெரும்பாலும் சுருள் அன்று. உப்பேறி விறைத்த சவ்வோ, அடைபட்ட ஊசித்துளையோதான். வீட்டு மின்னழுத்தம் மிகவும் தாழும் நேரங்களில் சுருளின் இழுவிசை குறைந்து வால்வு உறுமும் ஒலியுடன் தயங்குவதும் உண்டு. குறிப்பிட்ட சில வேளைகளில் மட்டும் குறை தோன்றினால் ஸ்டெபிலைசர் பற்றி யோசிக்க வேண்டும். வால்வு விலை அதிகமில்லாத உதிரி பாகம் என்பதால் அதைப் பிரித்துச் சுத்தம் செய்வதைவிட அதே மாதிரிக்குரிய புதியதை மாற்றுவது நல்லது. மெஷினின் மின்பகுதியைத் திறக்க வேண்டிய வேலை இது. பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும். இரண்டு நுழைவாய்கள் உள்ள மெஷினில் குளிர்நீர்க் குழாயை மட்டும் இணைத்திருந்தால், வெந்நீர் கலக்கும் திட்டத்தைத் தேர்ந்தெடுக்காமல் குளிர்நீர் என்றே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீரில்லாத வால்வை மெஷின் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

தண்ணீர் ஏறவில்லை என்று தோன்றும் சில மெஷின்களில் தண்ணீர் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் மறுபுறம் வெளியேறிக்கொண்டும் இருக்கும். பாதி நிரம்பும் நேரத்தில் வடிகால் ஹோஸின் முனையைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். அங்கே நீர் ஒழுகினால் இரண்டு காரணங்கள் உண்டு. பம்ப் மூலம் நீரை வெளியேற்றும் மெஷினில் வடிகால் ஹோஸைத் தரையில் கிடத்தியிருந்தால், டிரம்மில் ஏறும் நீர் தானாகவே வழிந்து போகும். கையேடு சொல்லும் உயரத்தில், பெரும்பாலும் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டருக்குள், அதை மாட்டி வைக்க வேண்டும். பம்ப் இல்லாமல் நீரைத் தாழ்வாக இறக்கிவிடும் மெஷினில் ஹோஸ் தரையில் இருப்பதுதான் சரி. அங்கே நீர் ஒழுகினால் வடிகால் வால்வின் வாயில் பொத்தானோ, நாணயமோ, ஹேர்பின்னோ, நூல் திரளோ சிக்கி அதை முழுவதும் மூடவிடாமல் தடுக்கிறது.

இதற்கு நேர்மாறான குறை ஒன்றும் உண்டு. நீர் வழக்கமான மட்டத்தைத் தாண்டி ஏறிய பிறகும் மெஷின் நிரப்பிக்கொண்டே இருந்தால் அது வேகக் குறைவு அன்று. நீர்மட்டத்தை உணரும் சென்சாருக்குச் செல்லும் மெல்லிய காற்றுக்குழாய் கழன்றோ கிழிந்தோ அடைத்தோ இருக்கும். உடனே குழாயை மூடிவிட்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

செமி ஆட்டோமேட்டிக் மெஷின்களில் மின்வால்வு கிடையாது; குழாயின் வேகமே நிரம்பும் வேகம். அங்கே முதல் இரண்டு அளவுகள் மட்டும் போதும்.

வாளியும் பம்பும்

அழுத்தக் குறையை உடனே சரிசெய்ய முடியாத வீட்டில் அன்றாட வேலை நடக்க ஒரு எளிய வழி இருக்கிறது. டாப் லோடு மெஷினை இயக்கி, அது நீர் நிரப்பத் தொடங்கியதும், மூடியைத் திறந்து வாளியால் நேரடியாக டிரம்மில் தண்ணீர் ஊற்றலாம். நீர் எந்த வழியாக வந்தது என்பதை மெஷின் அறியாது; தேர்ந்தெடுத்த மட்டம் வந்ததை சென்சார் உணர்ந்ததும் துவைக்கத் தொடங்கிவிடும். டிரம் சுழலும்போது ஊற்றவோ கைவைக்கவோ கூடாது. கட்டுப்பாட்டுப் பலகையின் மேல் நீர் சிந்தக் கூடாது. ஃபிரண்ட் லோடு மெஷினில் இப்படிச் செய்ய முடியாது.

நிலையான தீர்வு தொட்டி மேடையை உயர்த்துவது, அல்லது பிரஷர் பம்ப் வைப்பது. மேடையை ஒரு மீட்டர் உயர்த்தினால் 0.01 மெகாபாஸ்கல் கூடும். விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். ஆனால் ஆயிரம் லிட்டர் நீர் ஒரு டன் எடை என்பதால் கட்டடத்தின் தாங்குதிறன் பார்த்தே உயர்த்த வேண்டும். வாடகை வீட்டில், மெஷினுக்குச் செல்லும் குழாயில் மட்டும் தானியங்கிச் சுவிட்சுடன் கூடிய சிறிய பம்பை வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. வீட்டைக் காலி செய்யும்போது அதைக் கழற்றியும் எடுத்துச் செல்லலாம். பம்பைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில்தான் வைக்க வேண்டும். தெருக் குழாயிலிருந்து வரும் குடிநீர் இணைப்பில் நேரடியாக வைத்து உறிஞ்சக் கூடாது. தண்ணீர் இல்லாமல் பம்ப் வறண்டு ஓடினால் அதன் சீல் கெட்டுவிடும் என்பதால், தொட்டி காலியானதும் தானாக நிற்கும் வகையை வாங்குவது நல்லது. எர்த் இணைப்பும் கட்டாயம் வேண்டும். இதுவரை குறைந்த அழுத்தத்தில் கசியாமலிருந்த அடாப்டரும் வாஷர்களும் பம்ப் வந்த பிறகு கசியத் தொடங்கலாம். முதல் சில சலவைகளின்போது அருகில் இருந்து ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், சலவை முடிந்ததும் பம்பை அணைத்துக் குழாயையும் மூடிவிட வேண்டும்.